மூச்சுக்கு ஒரு நைனா

ஆண்டவர் திருமுன் கூடியிருக்கும் உடன்பிறப்புகளே, என் இடப்பக்கச் சிறுநீரகத்தைக் கட்டியோடு அகற்றியபோது நான் அஞ்சவில்லை. அச்சம் அதற்குப் பின்னரே வந்தது.

சென்ற தவக்காலத்தில், அடையாற்று மருத்துவமனை ஒன்றில் அறுவை முடிந்து தேறிவந்தேன். திடீரென இடக்கால் வீங்கியது. மறுநாள் மூச்சு திணறியது. காலின் குருதிநாளத்தில் உறைந்த கட்டியிலிருந்து ஒரு துணுக்கு நுரையீரலை எட்டிவிட்டதாம்.

"ரத்தம் உறையாம இருக்க மருந்து குடுக்கலன்னா அடுத்த கட்டி உயிருக்கே ஆபத்து சார். குடுத்தா, உள்ள இருக்கிற புண்ணுல ரத்தம் கசியலாம்" என்றார் மருத்துவர்.

நான் தமிழாசிரியன், செபத்தையும் செதுக்கி எழுதிப் படிப்பவன். அன்று 'எல்லாம் வல்ல' என்று தொடங்கினேன். அடுத்த சொல் வரவில்லை. கைவிடப்பட்டேன் என்றே எண்ணினேன்.

அருகில் நின்ற என் மனைவி பிலோமினாள் பட்டினப்பாக்கத்து மீனவக் குடியினள். அப்பாவை அழைப்பதுபோல இறைவனையும் 'நைனா' என்றே அழைப்பாள். "தந்தையே என்று சொல்லலாகாதா?" என்று நான் நகைப்பதும், "உன் தமிழ்ல கூப்ட்டா அவரு அகராதி பாத்துக்கினுதான் வருவாரு" என்று அவள் மடக்குவதும் எங்கள் வீட்டு வழக்கம்.

அன்று அவள் என் கையைப் பற்றிக்கொண்டு உரக்கவே பேசினாள்: "நைனா, ஒரு கிட்னி எட்துக்கினே, நான் ஒண்ணும் கேக்கல. ஆளையும் கேட்டா இன்னா நாயம்? எனக்கு வேற யாரு கீறாங்கோ? மருந்து ஏறசொல்ல நீயும் கூடவே உள்ள போ."

மருந்து ஏறத் தொடங்கியது. "கூடவே போ, நைனா" என்று நானும் மூச்சுக்கு ஒரு சொல்லாய்ச் சொன்னேன். என்னால் இயன்ற செபம் அவ்வளவே.

புண்ணின் கசிவை வடிக்க வயிற்றில் பொருத்தியிருந்த குழாயில் செந்நிறம் ஏறுகிறதா என்று அவள் இமை கொட்டாமல் பார்த்திருந்தாள். வெளிறிய நீரே வந்தது. புண் கசியவில்லை. மூச்சு மெல்லச் சீரானது. மருத்துவரின் அறிவுக்கு ஆண்டவரே துணைநின்றார் என்பது என் உறுதியான நம்பிக்கை.

உயிர்ப்புப் பெருவிழாத் திருப்பலிக்கு மனைவியின் தோள்பற்றி நடந்தே வந்தேன். எஞ்சிய ஒற்றைச் சிறுநீரகம் குறைவின்றி உழைக்கிறது. செபங்களை இன்றும் எழுதுகிறேன்; முதற்சொல் மட்டும் மாறிவிட்டது. அதைக் கேட்டு, "இன்னா வாத்யாரே, இப்போதான் தமிழு சுத்தமா வர்து!" என்கிறாள் பிலோமினாள்.

நோய்ப்படுக்கையில் சொல்லிழந்து கிடக்கும் அன்பர்களே, சொல் தேடிக் களைக்காதீர்கள். உங்கள் வீட்டில் அப்பனை எப்படி அழைப்பீர்களோ, அப்படியே அழையுங்கள். அரைமூச்சில் அழைத்த என் குரலுக்கே அவர் திரும்பிப் பார்த்தார்.