பஸ்ஸை முந்திய அம்மா

எங்கள் அம்மா ஓடப்போவதாக அறிவித்து ஓராண்டு ஓடிப்போயிற்று. அந்த ஆண்டில் எங்கள் வீட்டில் ஓடியது அது ஒன்றுதான்.

எல்லாம் மின்தூக்கியால் வந்த வினை. எண்பதுகளின் தொடக்கம் அது. தோ பாயோவில் எட்டாவது மாடியில் குடியிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து, தேக்கா சந்தையில் மீனும் காய்கறியும் வாங்கிக்கொண்டு வந்தால் மின்தூக்கி வேலை செய்யவில்லை. அப்பா பைகளோடு விறுவிறுவென்று ஏறிவிட்டார். அம்மா மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கினார். ஒருவழியாக மேலே வந்து சேர்ந்தபோது அப்பா கதவில் சாய்ந்துகொண்டு, "என்னா, ராணி மாதிரி ஆடி அசைஞ்சு வர்றே?" என்றார்.

அப்பாவுக்கு அது வேடிக்கை. அம்மாவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஓட்டப்பந்தயத்தில் கோப்பை வாங்கியவர் அவர். "நாளையிலேர்ந்து நான் ஓடப்போறேன்" என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டார்.

அடுத்த வாரமே தேக்காவில் ஒரு பாய் கடையில் வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து வாங்கினோம். கடைக்கார பாய் என்னைப் பார்த்துவிட்டு, "பொண்ணுக்காம்மா? சைஸ் பெருசா இருக்கே" என்றார்.

"எனக்குத்தான் பாய். ஓடறதுக்கு."

பாய் சாட்சி கேட்பதுபோல மறுபடியும் என்னைப் பார்த்தார். நான் பெருமையோடு தலையாட்டினேன்.

சப்பாத்து வாசலுக்கு வெளியே, மாடி நடைபாதைச் சுவரோரம் குடியேறியது. அம்மாவுக்குத்தான் நேரம் குடியேறவில்லை. ஜூரோங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் நாள் முழுக்க வேலை. திரும்பி வந்தால் சமையல், துணி, என் வீட்டுப்பாடம், குடும்ப செபமாலை. அப்பா சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் ஷிப்ட் வேலை பார்த்தார்; அவர் எந்நேரத்தில் வந்தாலும் சோறு சூடாக இருக்க வேண்டும். "மழ வர்ற மாதிரி இருக்கு", "இன்னைக்குக் காலு வலிக்குது", "தவக்காலம் முடியட்டும்" என்று ஓட்டம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ஞாயிறு மாலைகளில் என் பள்ளிச் சப்பாத்துக்கு வெள்ளை அடிக்கும்போது அம்மாவுடையதற்கும் அடித்து வைப்பேன். மண்ணையே மிதிக்காத சப்பாத்து வாரந்தோறும் வெள்ளை வாங்கிப் பளபளத்தது. அதைக் கடக்கும்போதெல்லாம் அப்பா தொண்டையைச் செருமுவார்.

பிறகு ஒரு நாள் காலை, என் ரிப்பன் ஒன்று காணாமல் போனது. எனக்கு மதியப் பள்ளிதான். ஆனாலும் சடை பின்னிவிட்டுத்தான் அம்மா வேலைக்குக் கிளம்புவார். ரிப்பனைத் தேடி எடுப்பதற்குள் நேரமாகிவிட்டது. செருப்பை மாட்டினால் வார் அறுந்தது. அம்மா ஏதோ முணுமுணுத்தபடி வெள்ளைச் சப்பாத்தில் காலை நுழைத்துக்கொண்டு இறங்கினார். நான் நடைபாதையிலிருந்து எட்டிப் பார்த்தேன். தொழிற்சாலை பஸ் புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தது.

அந்த பஸ் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் ஆளேற்றிக்கொண்டு, வட்டாரத்தையே ஒரு சுற்றுச் சுற்றிக் கடைசியாகக் கோயில் நிறுத்தத்துக்கு வரும். அதற்குப் பிறகு நேரே ஜூரோங்தான். அம்மா ஒரு கணம் நின்றார். பையைத் தோளில் மாட்டினார். ஓடினார்.

எதிரே இருந்த தாழ்வான புளோக்கின் அடியில் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்தார். கார் நிறுத்துமிடத்தைக் கடந்தார். இலையுதிர்ந்து கிடந்த மைதானத்தின் குறுக்கே நீலச் சீருடையும் வெள்ளைச் சப்பாத்துமாகப் பறந்தார். மூச்சு வாங்க மாடிப்படியில் நின்ற அம்மாவா இது! பஸ் கோயில் நிறுத்தத்துக்கு வந்தபோது, வெகுநேரமாகக் காத்திருப்பவர்போல் அங்கே நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை. அன்று வகுப்பில் எல்லோரிடமும், "எங்கம்மா பஸ்ஸையே முந்திட்டாங்க" என்று சொல்லித் தீர்த்தேன். இன்றைக்கும் யாராவது தாங்கள் ஓடிய தூரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

ஆனால் அடுத்த நாளும் அம்மாவுக்கு பஸ் தவறியது. அதற்கடுத்த நாளும். செருப்புக்குப் புது வார் போட்ட பிறகும் சப்பாத்தோடுதான் இறங்கினார். எனக்குப் பெருமை போய்ப் பயம் வந்தது. என்றைக்காவது பஸ் முந்திக்கொண்டால்? அப்பாவிடம் சொன்னேன். "இப்படியே போனா உங்கம்மா வேலைக்கு ஆபத்துதான்" என்றார் அப்பா, செய்தித்தாளை இறக்காமலே. அம்மாவின் சம்பளம் இல்லாவிட்டால் இந்த வீட்டிலேயே இருக்க முடியாது என்று இருவரும் பேசிக்கொண்டதை நான் கேட்டிருந்தேன். ஆகவே குடும்பத்தைக் காப்பாற்றும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தேன்.

மறுநாள் அம்மா சீக்கிரமே இறங்கிவிட்டார். வெற்றி என்று நினைத்துக் கீழே பார்த்தேன். பஸ் வந்தது, கதவு திறந்தது, ஆட்கள் ஏறினார்கள். அம்மாவைக் காணோம். தேடினால், நிறுத்தி வைத்திருந்த ஒரு லாரிக்குப் பின்னால் குனிந்து, சப்பாத்து நாடாவை நிதானமாக இறுக்கிக்கொண்டிருந்தார். பஸ் வந்தது அவருக்குத் தெரியவில்லை போலும்! கதவு மூடியது. நான் இருந்த பலத்தையெல்லாம் கூட்டிக் கத்தினேன்.

"அங்கிள்! வெயிட் லா! எங்கம்மா! லாரி பின்னால!"

எங்கள் மாடியில் கதவுகள் திறந்தன. பஸ் நின்றது. சீன ஓட்டுநர் தலையை நீட்டி மேலே என்னைப் பார்த்தார், பிறகு லாரியைப் பார்த்து ஹாரன் அடித்தார். அம்மா மெல்ல வெளியே வந்தார். படியில் ஏறும் முன் அண்ணாந்து என்னைப் பார்த்தார். நான் இரண்டு கைகளையும் ஆட்டினேன். அவர் பதிலுக்குக் கையாட்டவில்லை.

அன்று மாலை அப்பாவும் வீட்டில் இருந்தார். செபமாலை முடிந்ததும் ஆளுக்கொரு மன்றாட்டுச் சொல்வது எங்கள் வழக்கம். அப்பா தன் முதுகுவலிக்காக வேண்டினார். என் முறை வந்தது. கண்களை இறுக மூடிக்கொண்டு, "ஆண்டவரே, எங்கம்மாவுக்கு இனிமே தெனமும் பஸ் கெடைக்கணும். அவங்க ஓடவே கூடாது" என்றேன்.

"ஆமென்" என்றார் அப்பா, வீடே அதிர.

அம்மாவிடமிருந்து சத்தமில்லை. ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். வாயை இறுக மூடியபடி, சிரிப்பா கோபமா என்று சொல்ல முடியாத ஒரு முகத்தோடு மாதா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்காகத்தானே வேண்டினேன், அவர் மட்டும் ஏன் ஆமென் சொல்லவில்லை என்று எனக்கு அன்று விளங்கவில்லை.