பின்சீட்டுக் கண்டக்டர்

சென்னியப்பன் முப்பத்தொரு வருடம் கண்டக்டராக இருந்தார். கோயமுத்தூரில் கிளம்பி சூலூர், காரணம்பேட்டை, பல்லடம் வழியாகத் தாராபுரம் போகும் ஒரு தனியார் பஸ்ஸில் வேலை. அவருடைய அப்பனும் ஆத்தாளும் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் போனவர்கள். அந்தத் தோட்டத்துக்காரர்கள் பஸ்ஸில் ஏறினால் அவர்களும் இவரிடம்தான் டிக்கெட் வாங்க வேண்டும். இதை அவர் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. அவர்களுக்கு மட்டும் டிக்கெட்டைக் கொஞ்சம் நிதானமாகக் கிழித்துக் கொடுப்பார், அவ்வளவுதான்.

வேலையை விட்ட அடுத்த வருடம் மனைவி இறந்துபோனார். பல்லடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மகள் பொற்கொடியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மருமகன் கேரளாவுக்கு முட்டை லாரி ஓட்டுகிறவர். போனால் மூன்று நாள் கழித்துத்தான் வருவார். பேத்தி கயல்விழி பிளஸ் டூ, பேரன் ரூபன் ஒன்பதாவது. சிறுசாக இருந்தபோது இரண்டு பேரும் ‘அப்புச்சி, அப்புச்சி’ என்று அவருடைய விசிலுக்குச் சண்டை போட்டவர்கள். இப்போது அவர் ஏதாவது கேட்டால் ‘ம்’, ‘சரிங்க’, ‘தெரியலீங்க’ என்ற மூன்றில் ஒன்று பதிலாக வரும். அவர் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸில் ஏறுகிறவர்கள் எல்லோரும் கண்டக்டரிடம் பேசியாக வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

1996ஆம் வருடம் கயல்விழிக்கு ஒரு பழைய மொபெட் வந்தது. நாலு கிலோமீட்டர் தள்ளி பிசிக்ஸ் டியூஷன். மாலை நாலரை மணிக்குப் போய் ஆறு மணிக்குத் திரும்ப வேண்டும். கையில் எல்.எல்.ஆர். மட்டும் இருந்ததால் பொற்கொடி ஒரு நிபந்தனை போட்டாள்.

“லைசென்ஸ் வாங்கற வரைக்கும் உங்க அப்புச்சி பொறகால உக்காந்துதான் வருவாரு. எங்காவது உளுந்தேன், இடிச்சேன்னு ஒரு பேச்சு என் காதுக்கு வந்துச்சு, சாவி பீரோவுக்குப் போயிரும். ரெண்டு பேரும் ஊட்லயே கெடங்க.”

முதல் இரண்டு நாள் கயல்விழி வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள் கூடப் படிக்கும் சூப்பர்மார்க்கெட்காரர் மகளைத் திட்ட ஆரம்பித்தாள். நாலாம் நாள் டியூஷன் சார் மூக்கைச் சொறிந்துகொண்டே கணக்குப் போடுவதைப் பற்றிச் சொன்னாள். அப்புறம் நிற்கவே இல்லை. எதிரே முகம் இல்லை, முதுகுக்குப் பின்னால் ஒரு காது மட்டும் இருக்கிறது என்பதால் இருக்கலாம். சென்னியப்பன் “அப்புறம்?” என்பார், அவள் தொடர்வாள். நாலு மணிக்கே அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்க ஆரம்பித்தார்.

“அப்புச்சிக்கு டியூட்டி டைம் ஆயிருச்சுங்கம்மா, பையக் குடுத்து உடுங்க” என்று ரூபன் கேலி செய்வான்.

வழியில் ஒரு மேடு உண்டு. இரண்டு பேரை இழுத்துக்கொண்டு மொபெட் அதில் ஏறாது. சென்னியப்பன் இறங்கித் தள்ளிவிட்டு, மேட்டு உச்சியில் ஏறிக்கொள்வார். இருபதாவது நாளும் அப்படித்தான் தள்ளினார். உச்சி வந்தது. கயல்விழி ஒரு காலை ஊன்றி நின்றாள். சென்னியப்பன் ஏறுவதற்கு முன்னால் பின்சீட்டை இரண்டு தட்டு தட்டி, “ரைட்” என்றார்.

முப்பத்தொரு வருடம் அப்படித்தான் செய்தார். ரைட் கொடுத்துவிட்டு, நகரும் பஸ்ஸோடு நாலு எட்டு ஓடி, கம்பியைப் பிடித்து ஏறுவார். அன்றும் நாலு எட்டு ஓடினார். பிடிக்கக் கம்பி இல்லை. மொபெட் இறக்கத்தில் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது.

அவர் கூப்பிடவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. கீழே காய்கறிக் கடை போட்டிருந்த பாவாத்தாள் அவர் நடந்து வருவதைப் பார்த்தாள்.

“ஏனுங் கண்டக்டரே, பஸ்ஸு உங்கள உட்டுப்போட்டுப் போயிருச்சாட்ட இருக்குது?”

“டிரைவர் புதுசுங்க” என்றார் சென்னியப்பன். சொன்ன பிறகுதான் பாவாத்தாள் தினமும் பொற்கொடி வீட்டுக்குக் கீரை கொண்டுபோகிறவள் என்பது ஞாபகம் வந்தது.

கால் மணி நேரத்தில் மொபெட் திரும்பி வந்தது. கயல்விழியின் முகம் வெளுத்திருந்தது.

“அப்புச்சி, உளுந்துட்டீங்களா? எங்கீங்க அடி?”

“ஏறவே இல்ல கண்ணு, அப்பறம் எங்க உளுகறது?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். “அப்ப நான் சொன்னது ஒண்ணுமே கேக்கலீங்களா?”

“எங்கிருந்து சொன்ன?”

“மேட்டு மேலிருந்துங்க.”

“ஒண்ணும் கேக்கலியே.”

“நீங்க பதிலே பேசுலீங்க. கோவிச்சுட்டீங்கன்னு நெனச்சேன்” என்றாள். வண்டியை டியூஷன் பக்கம் திருப்பினாள். டியூஷன் முடிந்து வரும்போதும் அதைச் சொல்லவில்லை.

வீட்டு வாசலில் பொற்கொடி கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

“சாவியக் குடு. தாத்தன ரோட்ல தள்ளிப்போட்டுப் போயிட்டயாமா? ஊரே சொல்லிச் சிரிக்குது.”

கயல்விழி சாவியைக் கொடுத்தாள். சென்னியப்பன் நடுவில் வந்தார்.

“அம்மணி, ரைட் குடுத்தது நானு. ரைட் குடுத்தா எடுக்கோணும், அதான் டிரைவர் வேல. கண்டக்டர் கீழ நின்னுபோட்டான்னா மெமோ கண்டக்டருக்குத்தான். எனக்கே ரெண்டு தடவ குடுத்திருக்கறாங்க.”

“அப்ப உங்களையும் ரெண்டு தடவ உட்டுட்டுப் போயிருக்குதா?”

“ஒருக்கா காரணம்பேட்டையில. ஒருக்கா சூலூர்ல, மழையில.”

ரூபன் உள்ளேயிருந்து சத்தமாகச் சிரித்தான். பொற்கொடி சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சாவியை அப்பாவின் கையில் வைத்தாள். “மெமோவ உங்களுக்கே எழுதறேன். உக்காந்ததுக்கு அப்பறம் ரைட் குடுங்க. இன்னொரு தடவ நடந்துச்சு, ரெண்டு பேரும் பஸ்ஸுல போங்க.”

அன்று சாப்பிடும்போதும் சென்னியப்பனுக்கு அந்த இறக்கமே நினைவில் இருந்தது. அவள் என்ன சொல்லியிருப்பாள்? கேட்கலாம்தான். கேட்டால் ‘ஒண்ணுமில்லீங்க’ என்றுதான் வரும். ஆதலால் கேட்கவில்லை.

மறுநாள் மேட்டு உச்சியில் அவர் ஏறி, வாகாக உட்கார்ந்து, சீட்டைப் பிடித்த பிறகு ரைட் சொன்னார். வண்டி இறக்கத்தில் இறங்கியது. பாவாத்தாளின் கடை தாண்டியது. கயல்விழி திரும்பாமலே கூப்பிட்டாள்.

“அப்புச்சி, இருக்கீங்களா?”

“இருக்கறேன் கண்ணு.”

“காலாண்டுல பிசிக்ஸ் முப்பத்தொண்ணுதானுங்க. ரேங்க் கார்டுல அம்மா கையெழுத்த நானே போட்டுட்டேன்.”

எதிரே ஒரு கோழி வண்டி வந்தது. அது கடந்து போனது. சென்னியப்பன் சீட்டில் சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

“அப்புறம்?” என்றார்.