ஆப்பக்கடை அக்காவுக்கு ஒரு புத்தகம்

"எது நல்லா இருக்கும்மா?"

வாடகைப் புத்தகக் கடையில் ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது இப்படிக் கேட்பார்கள். நான் வாயைத் திறந்து பதில் சொன்னதே இல்லை. அலமாரியிலிருந்து ஒன்றை உருவி மேசைமேல் தள்ளிவிட்டு, நோட்டில் எழுதுவதுபோலத் தலையைக் குனிந்துகொள்வேன். இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டேன். இன்றைக்கும் துணிக்கடையில் வேறு நிறம் காட்டச் சொல்ல எனக்குக் கூச்சம்தான்.

பத்தாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்த என்னை அந்தக் கடையில் உட்காரவைத்தது அப்பா. பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பின்னால், இரண்டு ஒர்க்‌ஷாப்புகளுக்கு நடுவில் ஒடுங்கிய கடை. எண்பதுகளின் கடைசியில் சேர்ந்தேன். முதலாளி காலையில் கடையைத் திறந்து கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார். மாலைவரை நானும் புத்தகங்களும்தான். பேசாமல் இருக்கச் சம்பளம் கொடுக்கிறார்களே என்று எனக்குச் சந்தோஷம்.

நான் சேர்ந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். ஒருநாள் பதினோரு மணிக்கு ஆப்பக்கடை அக்கா வந்தார். பக்கத்து லேத் பட்டறைக்கு எதிரே பிளாட்பாரத்தில் அவருக்குக் கடை. வயது நாற்பத்தைந்து இருக்கும். தெருவில் எல்லோருக்கும் அவர் அக்கா. புத்தகத்தைத் தொடுவதற்கு முன் முந்தானையில் மூன்று தடவை கையைத் துடைத்தார்.

"இன்னாம்மே, எனுக்கு ஒரு புக்கு குடு."

நான் பார்த்தேன். அவர் படித்து நான் பார்த்ததில்லை.

"ரெண்டாங்கிளாசு வரைக்கும் போனேன். அப்பால ஊட்ல நிறுத்திட்டாங்க. எல்லாம் மறந்து பூட்ச்சி. இப்ப ஸ்கூலாண்ட சாயங்காலம் ஆறு மாசம் க்ளாசு வெச்சாங்க இல்ல, அதுல திரும்ப கத்துகினேன். டீச்சரு போயிட்டாங்க. க்ளாசும் முடிஞ்சிபோச்சி. இந்த தபா மறக்கக் கூடாது. அவ்ளோதான்."

எனக்குத் தெரிந்த சுலபமான புத்தகத்தை எடுத்துத் தந்தேன். குழந்தைகள் படிப்பது. பெரிய எழுத்து, பக்கத்துக்கு ஒரு படம், ஒரு யானை.

மறுநாள் அதே நேரத்துக்கு வந்தார். புத்தகத்தை மேசைமேல் வைத்தார்.

"எனுக்கு ரெண்டு பொண்ணு. ரெண்டையும் கட்டிக் குடுத்தாச்சி. என்னாண்ட வந்து யானை குளிக்கிற கதைய குடுக்கிற?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கண் சிரிக்கவில்லை. படிப்பு சின்னப் பிள்ளையின் படிப்பாக இருந்தால் ஆளும் சின்னப் பிள்ளை என்று நினைத்துவிட்டேனே.

ஒரு வாரம் அவர் வரவில்லை. வந்தபோது உட்காரக்கூட இல்லை.

"நேத்து பஸ்சு போர்ட பாத்தேன். மொத எழுத்து தெரிஞ்சிது. ரெண்டாவது வரல. நின்னு யோசிச்சிகினே இருந்தேன், பஸ்சு பூட்ச்சி. இப்பவே கயண்டுகினு போவுதும்மே. ஏதாச்சும் பண்ணு."

என்ன பண்ணுவது என்று எனக்குத் தெரியவில்லை. யாரையாவது கேட்கலாம். கேட்க வாய் வராது. அன்று மதியம் ஒரு பழைய நோட்டைக் கிழித்துச் சீட்டுகள் எழுதினேன். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: "நாற்பத்தைந்து வயதுப் பெண். இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். என்ன புத்தகம் கொடுக்கலாம்? தயவுசெய்து பின்பக்கம் எழுதவும்." வெளியே போன ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் ஒரு சீட்டை வைத்தேன்.

முதலாளி கண்டுபிடித்துவிட்டார். "ஏம்மா, இது புக்கு கடையா, போஸ்ட் ஆபீசா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் சீட்டு வைப்பதை நிறுத்தவில்லை.

இத்தனை பேர் பதில் எழுதுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. ரிடையரான தலைமை ஆசிரியர் ஒருவர், நீதிக்கதைகள் கொடுக்கும்படி மணிமணியான எழுத்தில் எழுதியிருந்தார். பாங்க்கில் வேலை செய்பவர் துப்பறியும் நாவல் என்றார், "மெலிசாக இருக்கும், ஒரே மூச்சில் முடிக்கலாம்" என்று அடியில் கோடு. மாதா கோயில் தெருவிலிருந்து வரும் அம்மா புனிதர்களின் வாழ்க்கை, தினம் ஒரு பக்கம் போதும் என்றார். பிளஸ் டூ படிக்கும் பெண் ஒரு காதல் நாவலைச் சொல்லிவிட்டு, "நான் சொன்னேன்னு எங்க அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்" என்று எழுதியிருந்தாள். சமையல் குறிப்பு, ஜோக்குப் புத்தகம், வீட்டு வைத்தியம் என்றெல்லாம் வந்தன. ஒரு சீட்டில் வாசகர் ஒருவரின் கையெழுத்துக்குக் கீழே அவர் மகள், நாலாம் வகுப்பாம், பென்சிலில் எழுதியிருந்தாள்: "பேய்க்கதை. பயமா இருக்கும் ஆனா நிறுத்த முடியாது."

எல்லோரும் வேறு வேறு புத்தகத்தைச் சொன்னாலும் ஒரு விஷயத்தில் ஒன்றாக இருந்தார்கள். மெலிசாகக் கொடு, சின்னதாகக் கொடு. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

அக்கா எல்லாவற்றையும் முயற்சி செய்தார். சும்மா சொல்லக் கூடாது, ஒன்றைக்கூடத் திறந்து பார்க்காமல் திருப்பித் தந்ததில்லை. துப்பறியும் நாவலைக் கொண்டுவந்து போட்டார்.

"ஆறு பேரு மேல சந்தேகமாம். ஆறு பேரு பேரையும் நான் எய்த்து கூட்றதுக்குள்ள செத்தவன எட்த்துகினு பூட்டாங்க."

சமையல் புத்தகம் ஒரே நாளில் திரும்பியது. "ஆப்ப மாவுல இன்னான்னாவோ கொட்டச் சொல்றான். எவன் எய்தினான் இத்த? இட்டுகினு வா, நான் சுட்டுக் காட்றேன்." நீதிக்கதைகளைப் பற்றி ஒரே வார்த்தை: "புத்தி சொல்றதுக்கு எங்க ஊட்டுக்காரு கீறாரு, போதும்." பேய்க்கதை மட்டும்தான் பிடித்தது. ஐந்து நாளில் முதல் கதையை முடித்துவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் இரண்டாவது கதையைத் திறந்தவர் மூடிவிட்டார்.

"பேயும் வேற, ஊரும் வேற, ஆளும் வேற. மறுபடி மொதல்லேருந்தா?"

அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. இன்னும் சின்னக் கதையாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமைகளில் ஆவடியிலிருந்து பஸ் பிடித்து ஒருவர் வருவார். அங்கே பேக்டரியில் வேலை. வடக்கே எங்கேயோ இருந்து வந்தவர், பேசும் தமிழில் அது தெரியும். எப்போதும் இருப்பதிலேயே குண்டான புத்தகத்தைத்தான் எடுப்பார். தமிழ் தெரியும் என்று பெருமை காட்டுகிறார் போல என்று நான் மனசுக்குள் நினைத்ததுண்டு. அந்த வாரம் அவர் புத்தகத்திலிருந்து என் சீட்டு விழுந்தது. பின்பக்கம் கோணல் கோணலாக, தேடித் தேடி எழுதியிருந்தார்.

"நான் முப்பது வயதில் தமிழ் படித்தேன். சின்ன புத்தகம் கஷ்டம். முடிந்தால் மறுபடி புது ஆள், புது பெயர். பெரிய புத்தகம் சுலபம். முதல் ஐம்பது பக்கம் அழுகை வரும். அப்புறம் பெயர் மாறாது. பெயர் தெரிந்தால் பாதி வரி தானே படிக்கும்."

அவரை இத்தனை நாள் என்ன நினைத்திருந்தேன்! அவருக்கு நன்றி சொல்லவாவது நிமிர்ந்து பார்த்திருக்கலாம். அதற்குள் அவர் அடுத்த குண்டுப் புத்தகத்தோடு படியிறங்கிவிட்டார்.

எங்கள் கடையில் குண்டுப் புத்தகம் என்றால் பெரும்பாலும் தொடர்கதைதான். வாரப் பத்திரிகையில் வருவதை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, முதலாளியே ஊசி நூலால் தைத்து, முதுகில் காலிகோ துணி ஒட்டிவிடுவார். அதில் ஒரு கூட்டுக்குடும்பக் கதை இரண்டு பாகமாக இருந்தது. ஒரு வீடு, மூன்று மருமகள்கள், சொத்துத் தகராறு, காணாமல் போன நகை. வாராவாரம் படம் வேறு உண்டு, அதே முகங்களோடு. முதல் பாகத்தை எடுத்து அக்கா முன்னால் வைத்தேன்.

"இன்னாம்மே, இத்த தூக்கி அட்ச்சா ஆளு காலி."

திருப்பித் தள்ளினார். நான் மறுபடி அவர் பக்கம் தள்ளினேன். அவர் என்னைப் பார்த்தார்.

"அம்பது பக்கம்க்கா," என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. "அம்பது பக்கம் வரைக்கும் என்னைத் திட்டாதீங்க. அதுக்கப்புறம் எவ்வளவு வேணாலும் திட்டுங்க."

"பேசக்கூட வருதா ஒனுக்கு?" என்று புத்தகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்.

ஆப்பச் சட்டிக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் பைக்குள் அந்தப் புத்தகம் இருந்தது. காலை வியாபாரம் ஓய்ந்ததும் வெளியே வரும். ஆள்காட்டி விரல் வரியின் கீழே ஊரும். நான் கடையிலிருந்து எட்டி எட்டிப் பார்ப்பேன். லேத் பட்டறைக்காரர் ஒருவர் கிண்டல் செய்தது என் காதில் விழுந்தது.

"யக்கா, கலெக்டருக்குப் பட்ச்சிகினு கீறியா?"

"ஆமாண்டா. கலெக்டரு ஆயி வந்து மொதல்ல ஒன் பட்டறைக்குத்தான் பூட்டு."

முதல் இருபது நாள் அக்கா என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் வந்து மேசைமேல் முழங்கையை ஊன்றினார்.

"அந்த நடு மருமக கீறா பாரு, அவ சரியில்ல. நகைய இவதான் எட்த்து வெச்சிகீறா. இன்னும் சொல்லல, ஆனா எனுக்குத் தெரியும்."

எத்தனையாம் பக்கம் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஆடியில் எடுத்த புத்தகம் கார்த்திகையில் முடிந்தது. நகை எங்கே என்று தெரியாமலே முதல் பாகம் முடிந்திருந்தது. இரண்டாம் பாகம் கடையில் இல்லை. காட்டுப்பாக்கத்தில் ஒரு நர்ஸ் எடுத்துப்போய் நாளாகியிருந்தது. வந்துவிடும், வந்துவிடும் என்றேன். பத்து நாள் ஆயிற்று. அதுவரை முதல் பாகத்தையே மறுபடி படிக்கச் சொன்னேன்.

"பட்ச்சிப் பாத்தேன். வாய்தான் படிக்குது, கண்ணு படிக்கல. கத தெரிஞ்சிபோச்சி, எய்த்த யாரு பாக்கறா? இப்டியே உட்டா பழைய மாதிரி பூடும்." கொஞ்சம் நிறுத்தினார். "அந்தம்மா ஊடு எங்க கீது? வா, போலாம்."

வாசகர் வீட்டுக் கதவை நான் அதுவரை தட்டியதில்லை. ஆனால் அவருக்கு முகவரி தெரியாது, எனக்குத்தான் தெரியும். கடையை மதியம் பூட்டிவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் அக்கா பேசிக்கொண்டே வந்தார். நான் என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டே வந்தேன்.

நர்ஸ் வாசலில் ஸ்டூல் போட்டு ஏறி கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தார். நான் ஒப்பித்தது அத்தனையும் மறந்துபோயிற்று.

"புக்கு," என்றேன்.

"ஐயோ, லேட்டாயிடுச்சு இல்ல? டூட்டி மாத்தி மாத்திப் போட்டுட்டாங்கம்மா. இன்னும் கடைசி நாலு வாரக் கதைதான் பாக்கி. முடிச்சுட்டுக் கொண்டாந்து குடுத்துடறேனே."

"எப்போ?" என்றார் அக்கா.

"இவங்க யாரு?"

"நான் மொத பாகம் முடிச்சவ. இத்தோட பத்து நாளா நகை இன்னா ஆச்சின்னு தெரியாம கீறேன்."

நர்ஸ் சிரித்துவிட்டார். "அது வந்து, நகையை…"

"சொல்லாத!" அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "நானே பட்ச்சிக்கறேன். சொல்லிட்ட, அவ்ளோதான்!"

நர்ஸ் உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துவந்தார். ஆனால் கையை விட்டு விடவில்லை. கடைசியில் வந்து நிறுத்தச் சொன்னால் எப்படி என்றார். அதுவும் நியாயம்தான். ஒரே புத்தகம். ஒருவருக்கு அதன் முதல் பக்கம் வேண்டும், இன்னொருவருக்குக் கடைசிப் பக்கம்.

"பிளேடு இருக்கா?" என்று நான் கேட்டேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நர்ஸ் கொண்டுவந்த பிளேடால் முதுகுத் துணியைக் கீறினேன். முதலாளி வாரம் வாரமாகச் சேர்த்துத் தைத்த நூலை ஒவ்வொன்றாக அறுத்தேன். கடைசி நான்கு வாரம் தனியாக வந்தது. அதை நர்ஸிடம் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் கடைக்கு வர வேண்டும் என்று சொன்னேன். கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பிரிந்து நின்ற தாள்கள் பறக்காமல் அக்கா மடியில் அணைத்துப் பிடித்திருந்தார். முதலாளிக்கு என்ன பதில் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். மறைக்கக் கூடாது, நான்தான் அறுத்தேன் என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அக்கா முதல் பக்கத்தைத் திறந்தார். மேலே கட்டம் போட்டு 'முன்கதைச் சுருக்கம்' என்று பொடி எழுத்தில் பத்து வரி இருந்தது. விரலை வைத்து இரண்டு வரி படித்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இதெல்லாம் எனுக்குத் தெரியும்," என்று சொல்லி, அந்தக் கட்டத்தைத் தாண்டிக் கீழே விரலை வைத்தார்.