விட்டுக்கொடுத்த கோல்

அபிராமபுரத்தில் முழங்கால் வலிக்காக நான் போய்க்கொண்டிருந்த பிசியோதெரபி மையத்தில், பக்கத்துக் கட்டிலில் ஒரு கால்பந்து வீரர் பயிற்சி செய்வார். லீக்கில் ஃபார்வர்டாக ஆடியவர். குட்டையான உருவம், கனத்த கழுத்து. ஆட்டத்தில் வலது முழங்கால் ஜவ்வு அறுந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. அந்தத் தொடை மட்டும் சூம்பிப்போய், வேறு யாருடையதோ போலத் தெரியும்.

மையம் மாடியில் இருந்தது. படியில் யார் கை கொடுத்தாலும் வாங்க மாட்டார். "உடுங்க, நானே வரேன்" என்று, சுவரைக்கூடத் தொடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுவார். பத்து மாதம் அப்படித்தான் ஏறினார்.

மறுபடியும் களத்தில் இறங்கிய மறுநாள் மையத்துக்கு வந்தார். கால் எப்படி இருந்தது என்று ஆவலாகக் கேட்டேன்.

"கால் நல்லாத்தான் கீது சார். கடைசி இருபது நிமிஷம் எறக்கிவுட்டாங்க. நம்ம பசங்க ஒருத்தனும் பந்து குடுக்கல. நானே ஓடிப்போய் ஒண்ணு புடிச்சேன். எதிர்ல வந்த டிஃபெண்டர் இன்னா பண்ணான் தெரியுமா? இடிக்காம ஒதுங்கிக்கினான். 'பாத்துண்ணா, கால்'னு சொல்றான்."

"அப்புறம்?"

"கோல் அடிச்சேன். ரெண்டு டீமும் கைதட்டுனாங்க. அது ஒரு கோலா சார்?"

"கோல் கோல்தானே" என்றேன், ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. டீமை விட்டு விலகிவிட்டதாகத் தெரபிஸ்ட் சொன்னார். எவ்வளவு பலமான இடியையும் தாங்கும் அளவுக்கு அந்தக் கால் தேறியிருந்தது என்றும் சொன்னார்.