பச்சைத் துளையில் செருகிய வயர்

இதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

எங்கள் தீவு நாட்டில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்த வருடம். சபேட்டோ ஊரில் இருந்த எங்கள் வீட்டை விட்டு அண்ணன் ஆக்லாந்துக்குக் கிளம்பினார். தீமிதிக்கு அம்மன் பாட்டுப் பாட அவரை விட்டால் எங்களுக்கு ஆள் கிடையாது. அதனால் அந்தப் பாட்டுகளையாவது பதிவு செய்து வைக்கலாம் என்று, முந்தின நாள் மைக் மாட்டிய ஒலி மிக்ஸரைக் கம்ப்யூட்டரோடு இணைத்தேன்.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு மூன்று பாட்டுப் பாடினார். பதிவு ஓடியது. ஆனால் திரையில் ஒலிக்கோடு அசையவே இல்லை. எரிச்சலில் வயரைப் பிடுங்கி, கைக்கு அகப்பட்ட துளையில் குத்தினேன்.

"எல்லாம் ஒன்னாலதான்! நாலு பேரு துப்பாக்கி தூக்கினா ஓடிருவியா? பயந்தாங்கொள்ளி! போ, திரும்பி வராத!" என்று கத்தினேன். பதிவை நிறுத்தி, பழக்கத்தில் சேமித்துவிட்டு எழுந்து போனேன்.

அண்ணன் விமானம் ஏறிய பிறகுதான் பார்த்தேன். வயர் இப்போது பதிவுக்கான சரியான நீலத் துளையில் இருந்தது. அவர் பாடும்போது அதை ஸ்பீக்கருக்கான பச்சைத் துளையில் செருகியிருந்திருக்கிறேன்.

பதிவைப் போட்டேன். மூன்று பாட்டு நேரமும் வெறும் மௌனம். பிறகு, துளி இரைச்சல் இல்லாமல் என் வசவு. துப்பாக்கி தூக்கியவர்களைப் பார்த்து ஒரு வார்த்தை பேசத் துணியாதவன், பாட வந்தவரைத் திட்டுகிறேன்.

கடைசியில் அண்ணன் குரல்: "சரிடா தம்பி. இன்னொருதரம் பாடட்டுமா?"

அது அன்றைக்கே என் காதில் விழுந்தது. பதிலுக்கு நான் மவுஸை அழுத்திய சத்தத்தோடு பதிவு முடிகிறது.