சம்மதம் என்று நான் சொன்னேன்

எண்பதுகளில் உச்சிப்புளியிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம நர்சாக இருந்தேன். ஓட்டுக் கட்டடம், ஒரு மேசை, ஒரு தராசு, வெளிச்சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணம். ஐந்து ஊர்கள் என் பொறுப்பு. எவள் உண்டாகியிருக்கிறாள் என்பது அவள் மாமியாருக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும் என்று கேலி பேசுவார்கள். பாதி உண்மைதான்.

கருக்கலைப்பு அப்போதே சட்டப்படி செல்லும். டவுன் ஆஸ்பத்திரியில் காசு வாங்காமல் செய்தார்கள். அதை வீடு வீடாகச் சொல்வது என் வேலை, சொன்னேன். சொல்லாமல் விட்டதும் ஒன்று உண்டு. இலவசமாகக் கலைத்துக்கொள்ள வருகிறவளுக்கு இரண்டு பிள்ளைகள் இருந்தால், கூடவே குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனையும் முடித்து அனுப்புவது அங்கே வழக்கம். எந்தச் சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. எங்களுக்குத்தான் வருஷத்துக்கு இத்தனை ஆபரேஷன் என்று இலக்கு வைத்திருந்தார்கள். காசுள்ள வீட்டுப் பெண்கள் தனியார் டாக்டரிடம் போய்க் கலைத்துவிட்டு, பிறகு வேண்டும்போது பெற்றுக்கொண்டார்கள்.

மழை பொய்த்த ஒரு வருஷம், மிளகாய்க் கொல்லைக்குக் கூலிக்குப் போகிற பெண் ஒருத்தி வந்தாள். இருபத்து நாலு வயதிருக்கும். இரண்டும் பெண் பிள்ளைகள். கேரளாவில் ரோட்டு வேலைக்குப் போயிருந்த புருஷன் பொங்கலுக்கு வந்துபோயிருந்தான்.

“ஒண்ணும் வெளையல நர்சம்மா. இருக்கிற ரெண்டுக்கே கஞ்சிக்கு வழியில்ல, இப்ப வேணாம். மழை பெஞ்சு அவுகளும் ஊரோட வந்துட்டா, பெறகு ஒண்ணு பெத்துக்கிறேன்” என்றாள்.

இதைவிடத் தெளிவாக ஒருத்தி சொல்ல முடியாது. எனக்கு நன்றாகவே புரிந்தது. அது வருஷக் கணக்கு முடிகிற மார்ச் மாதம், இலக்குக்கு எனக்கு இன்னும் ஆள் குறைந்திருந்தது.

மறுநாள் பஸ்ஸில் கூட்டிப் போனேன். ஆஸ்பத்திரியில் படிவம் எழுதுகிறவர் முதலில் புருஷன் பெயரைக் கேட்பார். எங்கள் பக்கத்துப் பெண்கள் அதை வாய் திறந்து சொல்ல மாட்டார்கள், கூட வந்தவர்தான் சொல்ல வேண்டும். அதனால் அவர் பெண்களிடம் கேட்பதையே விட்டிருந்தார். முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்விவரை என்னைப் பார்த்தே கேட்பார். அன்றும் புருஷன் பெயர், வயது, பிள்ளைகள் எல்லாம் நானே சொன்னேன். “குடும்பக் கட்டுப்பாட்டுக்குச் சம்மதந்தானே?” என்றார். அதே வேகத்தில் “சம்மதம்” என்றேன். அவள் பேச்சு எட்டாத தூரத்தில், சுவரோரம் தலையைக் குனிந்து நின்றிருந்தாள்.

இரண்டு தாளிலும் அவள் கட்டை விரலைப் பிடித்து மை ஒற்றி வைத்தவளும் நான்தான்.

“ரெண்டு எதுக்கு நர்சம்மா?”

“ரூல்ஸ் அப்பிடி.”

மூன்றாம் நாள் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அந்த மாதம் முடிவதற்குள் அவள் தெருவிலிருந்து இன்னும் இருவர் அதே காரியத்துக்கு வந்தார்கள். அவள்தான் அனுப்பினாளாம். அவர்களையும் அதே பஸ்ஸில் கூட்டிப்போய், படிவம் எழுதுகிறவர் முன்னால் நிறுத்தி, அதே பதிலைச் சொன்னேன். அந்த வருஷம் கூட்டத்தில் மேலதிகாரி என் வேலையைப் பாராட்டினார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

இரண்டு வருஷம் கழித்து நல்ல மழை. கண்மாய் நிறைந்தது. புருஷன் ஊரோடு வந்துவிட்டான். ஒரு காலையில் அவள் முந்தியில் கத்திரிக்காய் கட்டிக்கொண்டு வந்தாள். அதை மேசையில் கொட்டிவிட்டு வெட்கத்தோடு சிரித்தாள்.

“அவுக வந்து எட்டு மாசமாச்சு நர்சம்மா. எனக்கு நாள் தள்ளவே மாட்டேங்குது. மாத்திரை ஏதும் இருக்கா?”

சத்து மாத்திரை டப்பாவை நோக்கி என் கை போனது. நாலு மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தால் இன்னும் சில மாதம் ஓடியிருக்கும். என்னவோ அன்று அதற்கு மனது வரவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

அவள் சேலைக்கு மேலேயே தொப்புளுக்குக் கீழே கையை வைத்தாள்.

“இந்தத் தையல் கலைச்சதுக்குப் போட்டதுன்னுல்ல இருந்தேன்.”

எனக்கு அவமானமாக இருந்தது. ஆஸ்பத்திரி வழக்கத்தையும் இலக்கையும் பற்றி ஏதேதோ சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

“நான் அனுப்புனேனே, அவுக ரெண்டு பேருக்காச்சும் சொன்னீகளா?”

இல்லை என்று தலையசைத்தேன்.

அவள் எழுந்து, அவர்களிடம் சொல்வதற்குப் போனாள்.