சித்தியின் கேமராப் பை

என் சித்தி அடுத்தவர் வீட்டுக் கதையைப் படம் பிடிக்கிறவள். சினிமா இல்லை, ஆவணப்படம். எந்தக் கம்பெனியிலும் வேலையில் இல்லை. கேமராவும் அவளே, மைக்கும் அவளே, டீ வாங்கி வருவதும் அவளே. பள்ளிக்கூடத்தில் "எங்க சித்தி படம் எடுக்கறாங்க" என்று ஆரம்பிப்பேன். "யாரு ஹீரோ?" என்று கேட்பார்கள். அத்தோடு என் பெருமை முடிந்துவிடும்.

திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கு வந்ததும் அவள் செய்யும் முதல் வேலை கேமராப் பையை பீரோ மேல் ஏற்றுவது. ஊருக்குக் கிளம்பும் வரைக்கும் அது இறங்காது. சாப்பிடுவாள், எனக்கு எண்ணெய் தேய்த்து விடுவாள், நான் சொல்லும் பள்ளிக்கூடத்துக் கதைகளையெல்லாம் வாயைப் பிளந்து கேட்பாள். அந்தக் கேமராவில் ஒரே ஒரு தடவை என்னை எடுக்கவேண்டும் என்பதுதான் அந்தக் கோடை லீவில் எனக்கிருந்த ஒரே ஆசை. செல்போனில் எடுத்திருக்கிறாள்தான், அது கணக்கில் சேராது, செல்போனில் யாரைத்தான் எடுப்பதில்லை? பவுடர் அப்பிக்கொண்டு, பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு பீரோவுக்கு நேர் கீழே நின்று ஆடிப் பார்த்தேன். கை தட்டினாள். பை மட்டும் அசையவில்லை.

அப்போது அவள் மரக்காணம் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பத்தில் வேலை செய்துகொண்டிருந்தாள். மீன்பிடித் தடைக்காலத்தில் கடலுக்குப் போகாமல் ஒரு குடும்பம் எப்படி நாளை ஓட்டுகிறது என்பதுதான் படம். அந்தக் குடும்பத்தில் என் வயதில் ஒரு பெண். சித்தி எங்கள் வீட்டில் உட்கார்ந்து, எங்கள் அம்மா வைத்த குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே, "அவ எவ்ளோ இயல்பா இருக்கா தெரியுமாக்கா! கேமரா இருக்கறதயே மறந்துட்டா" என்று அவளைப் பற்றியே பேசுவாள். எனக்கு வயிறு பற்றி எரியும். என்னையும் கூட்டிப் போ என்று அழுது புரண்டேன். கேமராவைப் பார்க்கக்கூடாது, குறுக்கே வரக்கூடாது, வாயைத் திறக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கூட்டிப் போனாள். எதற்கும் இருக்கட்டும் என்று பவுடர் பூசிக்கொண்டுதான் போனேன்.

போய்ப் பார்த்தால் அந்தப் பெண்ணின் தலையில் சீப்புப் பட்டு இரண்டு நாள் ஆகியிருக்கும். கவுனில் பட்டனுக்குப் பதில் ஊக்கு. கருவாட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். இந்த மூஞ்சிக்கு எதிரேதான் என் சித்தி சம்மணம் போட்டு உட்கார்ந்து கேமராவைக் கண்ணில் வைத்தாள். அந்தப் பெண் மூக்கைச் சொறிந்தாள், சித்தி அதையும் எடுத்தாள்.

அதைவிடக் கொடுமை, அவளும் என் சித்தியை "சித்தி" என்றே கூப்பிட்டாள். நான் முறைத்ததைப் பார்த்து அவள் அம்மா சிரித்தாள். "உன்னப் பத்தியேதாம்மா எப்பவும் பேசிக்கினு இருப்பாங்க. கேட்டுக் கேட்டு இவளும் சித்தின்னே கூப்புட ஆரம்பிச்சிட்டா." என் சொத்தை எடுத்துக்கொண்டு என்னிடமே கணக்குச் சொல்கிற மாதிரி இருந்தது.

மத்தியானம் அவள் அப்பா எதற்கோ அவள் அம்மாவிடம் எரிந்து விழுந்தார். வேலை இல்லாமல் கிடந்த மனிதர், சின்ன விஷயத்துக்குப் பெரிய சத்தம். அந்தப் பெண்ணின் கண் நிறைந்துவிட்டது. சித்தி நகர்ந்து நகர்ந்து கேமராவோடு அவள் முகத்துக்குக் கிட்டே போனாள். கன்னத்தில் தண்ணீர் இறங்கி முடிக்கிற வரைக்கும் எடுத்தாள். அழுதால் எடுப்பாள் என்று யாராவது முன்னமே சொல்லியிருந்தால் நான் எவ்வளவு அழுதிருப்பேன்! வீட்டில் நான் அழுதபோதெல்லாம் இழுத்து மடியில் போட்டுக்கொண்டாளே தவிர, பீரோ பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லையே என்று ஆத்திரமாக வந்தது.

எடுத்து முடித்ததும் சித்திக்கு ஒரு வழக்கம் உண்டு. எல்லோரையும் இருந்த இடத்திலேயே ஒரு நிமிஷம் பேசாமல் இருக்கச் சொல்லி, வீட்டின் சத்தத்தை மட்டும் தனியாகப் பதிவு செய்வாள். பிற்பாடு காட்சிகளை ஒட்டும்போது அடியில் ஓடவிட அது வேண்டுமாம். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கையைத் தூக்கினாள். அந்த அப்பாகூட அடங்கி உட்கார்ந்தார். ஃபேன் கடகடத்தது, வெளியே அலைச் சத்தம், ஒரு கோழி. அந்த அமைதியில் அந்தப் பெண் பூனை மாதிரி நகர்ந்து வந்து என் சித்தியின் தோளில் தலையைச் சாய்த்தாள்.

"அது எங்க சித்தி!" என்று வீடே அதிரக் கத்தினேன்.

கோழி பறந்தது. சித்தி ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டுக் காதைத் தேய்த்துக்கொண்டாள். காலையிலிருந்து சிரிக்காத அந்த அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். சித்தி என்னைத் திட்டவில்லை. "மறுபடி எடுக்கணும். இவளக் கொஞ்சம் வெளிய கூட்டிக்கினு போம்மா" என்றாள். அதையும் அந்தப் பெண்ணிடமே சொன்னாள்.

கரையில் ஏற்றிப் போட்டிருந்த ஒரு படகின் நிழலில் உட்கார்ந்தோம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள்தான் பேச்சை எடுத்தாள்.

"உங்க வூட்டுக்கு வரச்சொல்லோ கேமராவ எடுத்துக்கினு வருவாங்களா?"

"வருவாங்க. ஆனா பீரோ மேல வச்சிருவாங்க."

"நீ அழுதாகூட எடுக்க மாட்டாங்களா?"

குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். "மாட்டாங்க" என்றேன். மானம் போயிற்று.

"அப்ப இன்னா பண்ணுவாங்க?"

"மடியில போட்டுக்குவாங்க. அவ்ளோதான்."

 அவள் மணலை அள்ளி அள்ளிப் படகின்மேல் எறிந்தாள். பிறகு, "நீ போ. நா வர்ல" என்று சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். சாயங்காலம் நாங்கள் கிளம்பும்போது சித்தி அவளைத் தேடிப் போய்ச் சொல்லிக்கொண்டு வந்தாள். கூடப் போன என்னை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. படத்தில் வருகிறோம் என்கிற திமிர் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

பொறாமைக்கு அத்தனை பழக்கப்பட்ட எனக்கு, இன்னொருத்தி முகத்தில் அதைப் பார்த்தபோது அடையாளம் தெரியவில்லை. என்னைப் பார்த்தும் ஒரு பெண் வயிறெரிந்திருக்கிறாள். அது தெரியாமல், திண்டிவனம் வந்து சேரும் வரைக்கும் நான் அவளை நினைத்துத்தான் பொருமிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில், கேமராப் பையைக் காலடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்த சித்தியின் மடியில் படுத்துக்கொண்டு.